தலை மட்டும்

டேவன்போர்ட்டில் இருந்து முந்நூறு மைல்,
அதைத் தாண்டமாட்டேன் என்றதும்
ஏழு கம்பெனிகள் போனை வைத்தன.
எட்டாவது ஆள், டுவெய்ன் ஒபர்மேன்,
வாயில் எதையோ மென்றுகொண்டே கேட்டார்:
"சொந்த டிரெய்லர் இருக்கிறதா, மார்லிஸ்?"
இல்லை. தலை மட்டும்.
"தலை போதும்.
முண்டங்கள் இங்கே நூற்றுக்கணக்கில் நிற்கின்றன."

இருந்தது ஒன்று. மார்ச்சில் விற்றேன்,
இன்ஜின் விழுங்கிய பணத்தைக் கட்ட.
உடம்பை விற்றுத் தலையைக் காப்பாற்றியவள் என்று
தம்பி கேலி செய்தான்.
அவனுக்கு இன்னும் கடன் பாக்கி,
அதனால் சிரித்து வைத்தேன்.

"வியாழன் இரவு வீட்டில் இருக்க வேண்டும்" என்றேன்.
பிள்ளைகளா? இல்லை.
சர்ச்சா? இல்லை.
பௌலிங்.
மெல்லும் சத்தம் நின்றது.
பிறகு, "எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

இரவலை நம்பி இருந்ததை எறிந்தவள் அல்ல நான்;
இருந்தது போன பிறகே இரவலுக்கு வந்தவள்.
திங்களன்று என் முதுகில் மெத்தைக் கம்பெனியின் பெயர்,
செவ்வாயன்று பியோரியா வரை குழந்தை டயப்பர்,
புதனன்று சிரிக்கும் ஒரு பன்றியின் படம்.
கடந்து போகும் கார்ப் பிள்ளைகள் பன்றிக்குக் கையசைக்க
நான் ஹாரன் அடிக்கிறேன்,
பன்றியின் சார்பில்.

மாட்டும் முன் டார்ச்சோடு சுற்றி வருவேன்.
டயர் வரியில் நாணயத்தைச் செருகி ஆழம் பார்ப்பேன்.
சிவப்புக் குழாய், நீலக் குழாய்,
பதிவுக் காகிதம் உறைக்குள் நனையாமல் இருக்கிறதா.
பிறகு உள்ளே ஏறி
கதவை இழுத்துக்கொள்வேன்,
அடைத்துவிடாதபடி இடுக்கில் ஒரு கையுறை வைத்து.
இருட்டில் கூரையைப் பார்க்க வேண்டும்:
வெளிச்சம் வரும் வழியில்தான் மழையும் வரும்.
டி மொயினில் ஒன்றில் பதினொரு ஓட்டை எண்ணினேன்.
நட்சத்திரம் போல இருந்தது என்று சொல்லமாட்டேன்.
நனைந்த அட்டைப்பெட்டிக்கு
யார் தலையில் கைவைப்பார்கள் என்பதே யோசனை.

முண்டம் தயாராகாத நாட்களில்
வேலிக்கு வெளியே நாலு மணி நேரம்.
அதற்குக் கூலி இல்லை.
வெறுந்தலையாய்த் திரும்பும் மைல்களுக்குப் பாதிக் கூலி;
வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் குதிக்கும்,
காப்பி மடியில்.

அக்டோபர், கேல்ஸ்பர்க், பதினான்காவது வரிசை.
பச்சை மேல் வெள்ளை அடித்திருந்தார்கள்.
கீல்களின் ஓரத்தில் பச்சை எட்டிப் பார்த்தது.
வலது பின்மூலையில் பள்ளம்.
என் பள்ளம்:
ராக்ஃபோர்ட், பால் கிடங்கு, மஞ்சள் தூண்;
ரிவர்ஸ் எடுக்கும்போது தும்மினேன்.
உள்ளே, கதவிலிருந்து மூன்றாவது பலகை
வேறு நிறம். நான் போட்ட ஓக்.
ஆறு திருகாணி நேராக,
ஏழாவது சாய்ந்து.

இடுக்கில் கையுறை. இருட்டு.
கூரையில் ஊசிமுனை வெளிச்சம் இல்லை.
நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.
எனக்கு ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்,
கிளம்பும் நேரம் தாண்டியும்.

படிவத்தில் எழுதினேன்:
வலது பின்மூலை, பள்ளம், பழையது.
அடுத்த கட்டம்: எப்படி ஏற்பட்டது?
தெரியாது.

பின்னோக்கிப் போனேன். டக்கென்று பூட்டிக்கொண்டது.
தாங்குகால் கைப்பிடி
ஒன்பதாவது சுற்றில் இறுகும், அன்றும் இறுகியது.
இழுத்துப் பார்த்தேன், பிடி விடவில்லை.
சீடர் ராபிட்ஸ் வரை நூற்றுச் சொச்சம் மைல்,
வலப்பக்கக் கண்ணாடியை அதிகம் பார்க்கவில்லை.
ஆறாம் எண் கதவில் இறக்கினேன்,
குழாய்களைக் கழற்றினேன்,
ரசீதில் ஒரு பையன் நிமிராமல் கையெழுத்துப் போட்டான்.

அன்று வியாழன்.
எட்டரைக்கு வந்து காலணி மாற்றினேன்.
எங்கள் அணியில் வாடகைக் காலணி போடாதவள்
நான் ஒருத்திதான்.
"இன்று என்ன ஏற்றினாய்?" என்று கேட்டாள் வில்மா,
பந்தின் மூன்று துளைகளைத் துணியால் துடைத்தபடி.

நாய்த் தீவனம், என்றேன்.