பத்துக் கிலோவுக்குக் கீழே

பல்லடம் தாண்டி, தாராபுரம் ரோட்டில்
நான் வேலை பார்க்கும் எடைமேடை.
லோடு வண்டி ஏறும், எண் நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
வெறும் வண்டி ஏறும், இன்னொரு சீட்டு.
நடுவில் கிடைக்கிற நேரத்துக்கு
நாற்பது பக்க நோட்டு ஒன்று.
ஆடியிலிருந்து அதில்
'பிரபஞ்சமே' என்று ஒரே சொல்.
அதன் மேல் எந்த லோடும் ஏறவில்லை.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்
மூலனூர் பஸ் எங்கள் வாசலில் வந்து நின்றுபோனது.
ரேடியேட்டரில் ஆவி.
இறங்கியவர்கள் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்க
ஒருவர் மட்டும் நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.
கக்கத்தில் மயில் சேவல்,
அதன் ஒரு காலில் மஞ்சள் பத்து.

"ஏனுங்கம்மிணி, இதையச் சித்த நிறுத்துக் குடுங்க.
நாலு கிலோன்னு நாஞ் சொல்றன்,
மூணுதானுங்கறாரு கண்டக்டரு.
பந்தயம் ஒரு டீ."

"இது லாரி நிறுக்கிற மேடைங்கண்ணா."

"கோழி லாரிதானுங்களே தெனமும் நிறுக்கறீங்க?"

அதுவும் சரிதான்.
ஏறி நின்றார். எழுபது.
சேவலைக் கீழே விட்டார். எழுபது.
மேடைக்கு வெளியே விடச் சொன்னேன்.
கண்டக்டர் வாங்கிக்கொண்டு இறங்கினார்,
மணிக்கட்டில் ஒரு கொத்து வாங்கினார்.
அப்போதும் எழுபது.

மெஷினுக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்,
அதற்குக் கீழே எதுவும் அதன் காதில் விழாது என்று
கண்ணாடியைத் தள்ளிச் சொன்னேன்.

மேடையிலேயே நின்று யோசித்தார்.
"அப்ப லோடு லோடாக் கோழி நிறுத்திருக்கறீங்,
ஒத்தக் கோழிக் கணக்கு உங்ககிட்ட இல்லீங்."

குத்திச் சொல்லவில்லை.
தேங்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார்.
பஸ் உறுமியதும் ஓடினார்.
டீ யார் வாங்கிக் கொடுத்தார்களோ.
அவர் பேர் நான் கேட்கவில்லை.
சேவல் பேர் துரைசாமி.
அதைத் திட்டிக்கொண்டேதான் படியேறினார்.

அடுத்து ஏறியது கோழி வண்டி:
பதினோராயிரத்து எழுநூற்று இருபது.
சீட்டோடு எழுந்து வெளியே போனேன்,
மூன்று வருஷத்தில் முதல் தடவை.
கூண்டுக் கம்பிக்கு நடுவே ஒன்று
கழுத்தை நீட்டித்
தலையை மட்டும் வெயிலில் வைத்திருந்தது.
டிரைவர் ஹாரன் அடித்தார்.
இன்னொரு சீட்டைக் கிழித்து
பின்பக்கம் எழுதினேன்: கழுத்து, வெயில்.

அப்புறம்
கண்டக்டர் மணிக்கட்டின் சிவப்புப் புள்ளி.
மேடையில் வேப்பம்பழுப்பு ஒன்று விழுந்தும்
அசையாத பூஜ்யம்.
பருத்திப் பொதி மேல் தூங்கிக்கொண்டே
எடைக்குள் சேர்ந்துவிட்ட பையன்.
சீட்டுக்கட்டு என்னம்மா இப்படித் தீருது என்று
முதலாளி கேட்கிறார்.

நேற்று வண்டி வராத மத்தியானம்
நோட்டை மார்போடு வைத்துக்கொண்டு
மேடையில் ஏறினேன்.
வெளிப்பலகையில் சிவப்பாக ஐம்பது.
நோட்டை ரோட்டோர மைல்கல்லில் வைத்துவிட்டு வந்து
மறுபடி நின்றேன்.

ஐம்பது.

அப்பாடா.