நாற்பது என்று ஒரு கட்டம் இல்லை

வங்கிக்கு, கேஸுக்கு, மானிய டீசலுக்கு,
மூத்தவளின் நர்ஸிங் கல்லூரிக்கு, கரண்டுக்கு
பன்னிரண்டு வருஷமாக எங்களுக்கு ஒரே கடவுச்சொல்:
வள்ளத்தின் பெயர், பதிவெண்ணின் கடைசி நான்கு.

போன மாசம் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில்
ஐஸ் பார்களை எண்ணிக்கொண்டு நிற்கும்போதுதான் பார்த்தேன்.
எங்கள் ரகசியம்
அணியத்தின் இரண்டு பக்கமும்
மஞ்சள் பெயின்ட்டில் முழங்கை உயரத்துக்கு எழுதியிருந்தது:
மரிய தாரகை, அதற்குக் கீழே எண்.
எழுத்துக்கூலி ஆயிரத்து எண்ணூறு.
நானேதான் கொடுத்தேன்.

அன்று ராத்திரி
கடவுச்சொல் காக்கும் செயலிகள் இரண்டை இறக்கினேன்.

எல்லாவற்றையும் கிளவுடில் வைக்கிறேன்,
எந்த போனிலும் திறக்கலாம் என்றது ஒன்று.
மேகத்திலா?
ஒக்கிக்குப் பிறகு இந்தக் கரையில்
மேகத்தை நம்பிக் கண்ணயர்ந்தவள் யாரென்று காட்டு.

மற்றது எங்கேயும் போகாது,
எனக்க போனுக்குள்ளேயே கிடக்கும்.
அந்த போன் ஒருமுறை
நெத்தோலியோடு சேர்ந்து வெயிலில் காய்ந்தது.
அதற்கு முந்தினது
நித்திரவிளை ஆட்டோவில் போனது போனதுதான்.

ததேயூஸ் இஞ்சின் சாவியில்
ஒரு துண்டு மிதவை கட்டியிருப்பான்.
"எவன் எடுத்தா என்ன பிள்ளே,
தண்ணியில விழுந்தா மிதக்கணும்."
நானோ பீரோவைப் பூட்டி
அந்தச் சாவியை இன்னொரு பெட்டியில் பூட்டி
பெட்டிச் சாவியைத் தேடித் தேடி
ஞாயிறு இரண்டாம் பூசையைத் தவறவிட்டவள்.

முதல் செயலியையே தொட்டேன்.
ஓடிபி அனுப்பியிருக்கிறதாம்.
கணக்கு அவன் பெயரில், எண் அவனுடையது,
அவன் லட்சத்தீவுக்கும் மேற்கே
சுறாவுக்குத் தூண்டில் இறக்கிக் கிடக்கிறான்.
அறுபது நொடி. ஐம்பத்தொன்பது.
ஆறு எண்கள் கடலுக்கு மேலே
டவர் தேடி அலைந்து
செத்துப்போயின.

வெள்ளிக்கிழமை வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது,
வள்ளம் விட்டு வள்ளம் தாவி.
டெல்பினுக்கு ஏதாவது வேணுமா என்று கேட்டானாம்.
வேணும்தான்.
மூன்று வள்ளத்துக்காரர்கள்
ஒருத்தருக்கொருத்தர் உரக்கச் சொல்லி அனுப்பவேண்டிய ரகசியத்தை
எப்படிக் கேட்பேன்?
ஒன்றும் வேண்டாம், மீன் உண்டா என்று கேட்கச் சொன்னேன்.

முப்பத்தெட்டாம் நாள் வந்தான்.
சாப்பிட்டு முடிக்கவிடாமல் போனை நீட்டி
பெருவிரலை வை என்றேன்.
அடையாளம் தெரியவில்லை என்றது.
ஆள்காட்டி விரலும் தெரியவில்லை.
கயிறு தின்ற ரேகை.
கடைசியில் இடது சுண்டுவிரலில் திறந்தது.
"இதுக்குத்தானா இத்தனை பாடு?"

அப்புறம் அது ஒரு கேள்வி கேட்டது.
நீங்கள் பதில் தராவிட்டால்
எத்தனை நாளில் உங்கள் மனைவிக்குத் திறந்துவிடலாம்?
ஒன்று. ஏழு. பதினான்கு. முப்பது.
அவ்வளவுதான் கட்டங்கள்.

"முப்பது போடு" என்றான் கொட்டாவி விட்டபடி.
தங்கலுக்குப் போனால் நாற்பது நாள் ஆகும் உனக்கு.
முப்பதில் பெட்டி தானாகத் திறந்தால்
மிச்சப் பத்து நாளும்
நீ எனக்கு யார் என்று
நான் அந்த இயந்திரத்திடம் எப்படிச் சொல்ல?

சொல்லவில்லை. அவன் தூங்கிவிட்டான்.
பீரோ திறந்தே கிடந்தது.
செயலி தினமும் ராத்திரி ஒன்பதுக்கு ஞாபகப்படுத்துகிறது,
ஒரு கட்டம் மட்டும் பாக்கி என்று.
'பிறகு' என்பதைத் தொடுகிறேன்.