மூணில் வைத்தேன்

தமுக்கம் மைதானத்தில் அன்றைக்கு ஆடியோ நான்தான்.
துளசிராம் சவுண்ட் சர்வீஸ், மகால் ஏழாவது தெரு.
மிக்ஸரில் வெள்ளை டேப் ஒட்டி
ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தேன்:
கிக், ஸ்நேர், பேஸ், கீபோர்டு, லீடு.
ஆறாவதில் ‘பொண்ணு’.

ஏறியவள் தோளில் கிதார் மாட்டியிருந்தாள்.
பையனை அனுப்பி
அவள் வாய்க்கு நேராக ஒரு மைக் வைத்தேன்.
செருப்புக் காலால் அதை ஓரமாக நகர்த்தினாள்.
கிதாருக்கு ஏழாவதில் லைன் கொடுத்தேன்.
டேப் தீர்ந்திருந்தது. பெயர் எழுதவில்லை.

ஞானஒளிவுபுரத்து ஜெசிந்தா.
பாலிடெக்னிக், எலக்ட்ரிக்கல், ரெண்டாம் வருஷம்.
புகைந்துபோன ஆம்ப்பின் ஃபியூஸை
என் கையைத் தட்டிவிட்டு அவளே மாற்றினாள்.
அதற்கப்புறமும்
என் விரல் டைட்டஸை ஏழில் வைத்தது,
அவளை மூணில்.
யாரும் சொல்லவில்லை.
இருபது வருஷக் கல்யாணக் கச்சேரி விரல் அது.

ரெண்டாவது பாட்டின் நடுவே
நீளமான தனி வாசிப்பு, அவளுடையது.
ஹெட்ஃபோனில் எனக்குக் கேட்டது:
தகர ஷெட்டில் ஆலங்கட்டி மாதிரி தொடங்கி,
பிறகு ஒரே ஒரு சுரம்,
லாரி ஏறும்போது பாலத்தின் அடியில் அதிர்கிற கம்பியாக
விடாமல் நின்றது.
கூட்டம் டைட்டஸைப் பார்த்துக் கைதட்டியது.
முன்னால் நின்றவன் அவன்தானே.

அவள் என்னைப் பார்த்து
ஒற்றை விரலை மேலே காட்டினாள்.
நான் வானத்தைப் பார்த்தேன்.
மழை வருகிறது என்கிறாளாக்கும் என்று
தார்ப்பாய் எடுத்துவரச் சொன்னேன்.

போன மாதம் பனகல் ரோடு டீக்கடையில்
ஒருத்தன் செல்போனில் யாரோ போட்ட பட்டியல்:
உலகத்தின் பெரிய கிதார்காரர்கள் நூறு பேர்.
பெண்களை எண்ண ஒரு கை மிச்சம்.
விரல் சின்னது, என்றான்.
கனம் தாங்காது, என்றான் பக்கத்திலிருந்தவன்.
விடியக்காலை மாட்டுத்தாவணியில்
பூ மூட்டையோடு பஸ் ஏறுகிறவளிடம் போய்ச் சொல்லு, என்றேன்.
அவளுகளுக்கு ஆர்வம் இல்லைண்ணே, என்றான் மூணாமவன்.
அதற்கு நான் டீயைக் குடித்தேன்.

செல்லூரில் லேத் பட்டறை மாடியில் ரிகர்சல்.
ஆம்ப் என் வாடகை, அதனால் தெரியும்.
லேத் ஓய ராத்திரி ஒன்பது ஆகும்.
ஒன்பதே கால் அவளுக்குக் கடைசி பஸ்.
சுருதி சேர்க்க அஞ்சு நிமிஷம் போக
மிச்சம் பத்து.
பையன்கள் விடிய விடிய வாசித்து
அங்கேயே பாயில் சரிந்து
தூக்கத்திலும் தாளம் தட்டினார்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள்
அவள் இடது கை விரல்நுனியைத் தடவி
எந்தப் பட்டறையில் வேலை என்று கேட்டார்களாம்.
வாசிக்காமல் இருந்தால் ஆறு மாதத்தில்
காய்ப்பு உரிந்துவிடும்.
கிதார் என் கடைக்கு வந்தது, எண்ணூறு ரூபாய்க்கு.
தோள்பட்டையில் அவள் உயரத்துக்கு ஒரு முடிச்சு.
வாடகைக்கு எடுத்த ஒவ்வொருத்தனும்
முதல் வேலையாக அதை அவிழ்க்கப் பார்த்தான்.
நல்ல முடிச்சு. கடைசியில் வெட்டினோம்.

அன்றைய கச்சேரி ஒரு கேசட்டில் இருக்கிறது.
கம்ப்யூட்டரில் ஏற்றி
அவளை மட்டும் தூக்க முடியுமா என்று பார்க்கிறேன்.
எல்லாம் ஒன்றாகக் கலந்தாயிற்று.
அவளை ஏற்றினால் டைட்டஸும் ஏறுகிறான்,
ஜெனரேட்டர் ஏறுகிறது,
கடலை விற்கிறவன் ஏறுகிறான்.

ஓரமாக நகர்த்திய அந்த மைக்கை
நான் மூடவே இல்லை.
முதல் பாட்டு முடிந்து ரெண்டாவது தொடங்குமுன்
யாரிடமோ அவள் கேட்கிறாள்:
‘நான் வாசிக்கிறது கேக்குதா?’

அது எட்டில் இருந்தது.
மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும்.