பார்வையாளர் குறிப்பு

நான் பேசக்கூடாது.
நீதிபதியின் உத்தரவு, ஏழாவது பத்தி:
பார்வையாளர் மூலையில் உட்காரலாம், நேரம் குறிக்கலாம்.
இருபத்தாறு வருடம் வாய் ஓயாத நர்ஸ் நான்;
இப்போது மணிக்கு இவ்வளவு டாலர் என்று
என் மௌனத்தை வாடகைக்கு விடுகிறேன்.

ஸ்போகேன். பிப்ரவரி. வாசலில் உப்புத் தூவிய பனி.
வெர்லின் ஓஸ்ட்கார்ட், ரொட்டி வண்டி ஓட்டியவர்.
சிவப்பு விளக்குக்கு நின்றவரை
மரம் ஏற்றிய லாரி பின்னால் வந்து இடித்தது.
லாரிக்காரரின் இன்சூரன்ஸ் காசு கொடுத்து அமர்த்திய டாக்டருக்கு
காகிதத்தில் பெயர்: சார்பற்றவர்.

9:04. கை குலுக்கினார்.
(அதுவும் பரிசோதனைதான். வெர்லினுக்குத் தெரியாது.)

9:06. "வலி, பத்துக்கு எத்தனை?"
"ஏழு."
கொஞ்சம் பொறுத்து, "ஆறு."
கடன் கேட்கப் போன வீட்டில்
இரண்டாவது காப்பி வேண்டாம் என்பவர் குரலில்.

9:09. உச்சந்தலையில் இரண்டு விரல், பூப்போல.
"இடுப்பில் வலிக்கிறதா?"
வலிக்கிறது என்றால் நடிப்பு என்று எழுதிக்கொள்வார்கள்.
எனக்குத் தெரியும். என் பேனா தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
"இல்லையே" என்றார் வெர்லின்.
மூச்சு விட்டேன். உத்தரவில் அதற்குத் தடை இல்லை.

9:13. டாக்டரின் பேனா விழுந்தது.
விழுந்ததா, போட்டாரா?
'விழுந்தது' என்று எழுதினேன்.
மரியாதை தெரிந்த மனிதர், எடுக்கக் குனிந்தார்,
பாதியில் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றார்.
டாக்டர் அப்போது ஜன்னலைப் பார்த்தார்.

9:20. கதவு சாத்தியது. மொத்தம் பதினாறு நிமிடம்.

அப்புறம் பூட்ஸ்.
காலையில் டார்லா கட்டி அனுப்பிய முடிச்சு.
அவிழ்க்கச் சொன்னவர்கள்
கட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
9:31. இடது கால்.
9:38. அதே இடது கால்.
பரிசோதனை முடிந்தபின் நடப்பது கணக்கில் வராது என்று
வக்கீல் முன்பே சொல்லியிருந்தார்.

9:41. நோட்டை மூடினேன்.
மண்டியிட்டேன்.
உப்பேறி விறைத்த கயிறு. இரட்டை முடிச்சு போட்டேன், இரண்டு காலுக்கும்.
அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூனில் வாக்குமூலம்.
எதிர்த்தரப்பு வக்கீல், சின்னப் பெண், சளி பிடித்த குரல்,
டாக்டரின் அறிக்கையிலிருந்து வாசித்தாள்:
'இரட்டை முடிச்சிட்ட காலணியோடு,
துணையின்றி வெளியே நடந்து போனார்.'

"அந்த முடிச்சு நான் போட்டது" என்றேன்.

"எத்தனை மணிக்கு?
உங்கள் குறிப்பில் காட்டுங்கள்."

புரட்டினேன்.
9:41-க்குக் கீழே வெறும் கோடுகள்.