பக்கவாட்டுக் கதவு

விதி ஒன்றுதான் என்றான் இல்மோ:
பக்கத்தில் உட்காரலாம், உதவக் கூடாது.
வாய் துறுதுறுத்தால்
காப்பியைக் குடி.

நவம்பர். ஓலுவில் மூன்று மணிக்கே
விளக்குப் போட்டாயிற்று.
பனி ஒட்டிய பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு
காலுறையோடு வந்தாள் முதல் ஆள்,
சைமி, நர்சிங் இரண்டாம் ஆண்டு.
கூலி, ஏலக்காய் மணக்கும் ஒரு பன்.

"படுக்கைப் புண் பற்றி ஒரு கட்டுரை தேடுங்கள்.
நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்."

அம்புக்குறி நகர்ந்து
'மூலவளங்கள்' மேல் நின்றது.
பதினொரு வருடம் முன்பு
மூன்று கூட்டங்களில் சண்டை போட்டு
நான் வைத்த பெயர்.
ஏதோ சுரங்கத் துறை என்று நினைத்தாளாம்.
தாண்டிப் போனாள்.
'சேவைகள்' திறந்து, மூடி,
'நூலகம் பற்றி' திறந்து,
இயக்குநரின் புகைப்படத்தைச் சற்று நேரம் பார்த்து,
"ஸாரி, எனக்குத்தான் தெரியல" என்றாள்,
"நான் கொஞ்சம் மக்கு."

காப்பியைக் குடித்தேன்.
கோப்பையில் காப்பி இல்லை.

ஹோதன், மின்பொறியியல்,
நேராகத் தேடல் பெட்டிக்குப் போனாள்.
அப்பாடா என்றிருந்தது.
ஆனால் அந்தப் பெட்டி புத்தகம் தேடாது,
எங்கள் அறிவிப்புகளைத் தேடும்.
புத்தகப் பெட்டி வேறே, கீழே,
சாம்பல் மேல் சாம்பல் எழுத்தில்.
மின்மாற்றி கேட்டவளுக்கு
போன வருடம் கரண்ட் போன செய்தி வந்தது.
சிரித்தாள்.
சிரித்தாளே, அது பெரிய உபகாரம்.

கௌகோவுக்குப் பார்வை இல்லை.
கணினி வாசிக்க வாசிக்கக் கேட்பார்.
இணைப்பு. இணைப்பு. படம், பெயரில்லை.
இணைப்பு. படம், பெயரில்லை.
படம், பெயரில்லை.
நாற்பத்தேழு முறை ஒரே விசையைத் தட்டிவிட்டுச் சொன்னார்:
"எப்பவும் இப்படித்தான். நான் போன் பண்ணிடுவேன்."

ஆமாம், பண்ணுவார்.
வாரம் இரண்டு தடவை.
எடுத்துப் பேசுவது நான்தான்.
பேசப் பிடிக்கும் போலிருக்கிறது மனிதருக்கு
என்று நினைத்திருந்தேன்.

அன்றிரவு, பெட்டியில் விழுந்த கேள்விகளில்
விடையில்லாமல் போனவற்றை
மட்டும் இறக்கிப் பார்த்தேன்.
ஒரு வருடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம்.

அபராதம் எவ்வளவு
பிரிண்டர்
பிரிண்டர் வேலை செய்யல
பிரிண்டர்!!!
ஆய்வேடு முடிக்காவிட்டால் என்ன ஆகும்

ஜனவரி ஒன்பது, இரவு எட்டு பத்து,
வெளியே மைனஸ் முப்பத்தொன்று:
இன்னும் திறந்திருக்கிறீர்களா

பூஜ்ய முடிவுகள், என்று சொல்லியிருக்கிறோம்.
எழுத்துப்பிழை உள்ளதா எனப் பாருங்கள், என்றும்.
எட்டு பதினொன்றுக்கு
அதே கேள்வி, கேள்விக்குறியோடு.

அன்று நான் உள்ளேதான் இருந்தேன், ஒன்பது வரை.
முன்கதவு உறைந்துபோனதால்
பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தோம்.

பிறகு நடந்ததெல்லாம் வேலை.
சொற்களைச் சீட்டில் எழுதி மேசையில் பரப்பி
மாணவர்களையே அடுக்கச் சொன்னோம்.
ஒவ்வொரு துறையும் முகப்பில் ஒரு மூலை கேட்டது.
முகப்புக்கு நாலே மூலை.
பேராசிரியர் ஒருவர், இயக்குநரின் படம் எங்கே
என்று இயக்குநருக்கே எழுதினார்.
'மூலவளங்கள்' சீட்டை யாரும் எந்தக் குவியலிலும் வைக்கவில்லை.
அதன் முதுகில்
பிரிண்டர் பழுதுக்கான எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

இப்போது ஒரே பெட்டி.
படங்களுக்கெல்லாம் பெயர் வைத்தாயிற்று,
ஒவ்வொன்றாக, நானே.
இன்னும் திறந்திருக்கிறீர்களா என்று கேட்டால்
ஆம், ஒன்பது வரை, என்று சொல்லும்.
பக்கவாட்டுக் கதவால் வாருங்கள்,
மணி வலது கைப்பக்கம்.

ஏப்ரலிலிருந்து கௌகோ போன் பண்ணுவதில்லை.
நல்லதுதான். அதற்குத்தானே இவ்வளவும்.

போன வாரம் மணி அடித்தது.
ஓடிப்போய் எடுத்தேன்.
பிரிண்டர்.