நாலு செக்கன்

சர்வர் பதில் சொல்ல
அரைச் செக்கன்கூட எடுப்பதில்லை.
ஓய்வூதியக் கணக்கு.
நாற்பது வருட உழைப்பு
இமை மூடித் திறக்குமுன் ஒரு தொகையாகிவிடுகிறது.
யாரும் நம்பவில்லை.
"திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள்" என்றான் உர்ஸ்.

எனவே இன்று மத்தியானம்
ஒரு பச்சைப் பட்டை செய்தேன்.
நாலு செக்கன் ஓடும்.
ஒரே சீராய் ஓடினால் பொய் என்று தெரிந்துவிடும்,
அதனால் அறுபத்திரண்டில் ஒரு தயக்கம்,
எண்பதில் கொஞ்சம் மூச்சு வாங்கல்,
பிறகு ஒரு தாவல்.
பட்டைக்குப் பின்னால் ஒன்றும் நடப்பதில்லை.
உர்ஸ் கைதட்டினான்:
"இப்பதான் கணக்குப் போடுகிற மாதிரி இருக்கு."

இரவு. பேர்ன், பும்ப்ளிட்ஸ்,
மாடிக்கட்டிடத்தின் நிலவறை.
சலவை அறை எனக்கு ஒன்பது மணிவரைதான்.
ஒன்பது பத்து.
மெசின் சொல்கிறது: இன்னும் 1 நிமிடம்.
பதினொரு நிமிடமாய் அதையேதான் சொல்கிறது.

வாசலில் திருமதி ஏஷ்லிமான்,
இடுப்பில் கூடை,
கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்க்கிறார்.

கண்ணாடிக்குள் என் சட்டைக் கையொன்று
எழும்பி எழும்பி விழுகிறது.
இந்த ஒன்றையும் யாரோ
ஒரு மத்தியானத்தில் எழுதியிருப்பார்கள்.
பக்கத்தில் யாரோ கைதட்டியிருப்பார்கள்.

"ஒரு நிமிடம்தான்" என்கிறேன்.

அவர் கூடையைக் கீழே வைக்கிறார்.