முதுகுக்குப் பின்னால் ஒரு கை

மண்டபம் கேம்ப், மீன்துறைக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்
ஒரே ஒரு சிமெண்ட் கோர்ட்.
வலை மூன்று இடத்தில் கிழிந்து
நீல நைலான் நூலால் முடிந்திருக்கிறது.
முடிச்சைப் பார்த்தாலே தெரியும், இறால் வலைக்காரன் கை.

என் சர்வ்.
ஃப்ளோரா நேவிஸ் வலையருகே குனிந்து நிற்கிறாள்.
முதுகுக்குப் பின்னால் அவள் இடது கை.
மூடிய முட்டி என்றால், நிற்கிறேன்.
விரித்த உள்ளங்கை என்றால், உன் பக்கம் பாய்கிறேன்,
நீ என் பக்கத்துக்கு ஓடு.
சுண்டுவிரல் மட்டும் என்றால்,
போவதுபோல் ஒரு தோள் அசைவு, அவ்வளவுதான்.

நான் ரயில்வே.
சிவப்பென்றால் சிவப்பு. பச்சையென்றால் பச்சை.

அவள் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவள்.
"புள்ள அங்கிட்டுப் பாக்குற நொடியில குத்தணும்,
முந்துனாலும் அழும், பிந்துனாலும் அழும்" என்பாள்.
எதிராளி பந்துக்காகக் கண்ணைத் தாழ்த்தும் நொடி
அவள் கிளம்பும் நொடி.
பக்கவாட்டில் அல்ல, சாய்வாக, முன்னோக்கி,
வலையை மோந்து பார்க்கப் போகிறவள்போல.
குறுக்கே வருகிற பந்து எனக்கு வரவேண்டியது.
வழியிலேயே எடுத்துக்கொள்வாள்.
நாங்கள் இதற்குக் 'கை போடுறது' என்று பேர் வைத்திருந்தோம்.

கச்சான் வீசும் மாதம்.
மேலே தூக்கிப் போட்ட பந்து, நான் அடிப்பதற்குள்
அரைச் சாண் தனுஷ்கோடிப் பக்கம் போயிருக்கும்.
"நடுக்கோட்டுக்கே போடு.
ஓரத்துல போட்டா அந்தாளுக்குக் கோணம் குடுக்குற,
நடுவுல போட்டா எனக்குக் குடுக்குற."

முதல் செட்டில் நாலு தடவை பாய்ந்தாள்.
மூன்று தடவை அவள் விட்டுப்போன சந்து வழியாகவே
பந்து போனது, கோட்டோரமாக, நிதானமாக,
ஆளில்லாத ரேஷன் கடைக்குள் ஆடு நுழைவதுபோல.
ஒரு 'ஸாரி'யை எதிர்பார்த்துத் திரும்பினேன்.
"மூணு பாயிண்ட் முதலு போட்டிருக்கு" என்றாள்.

இரண்டாம் செட்டில் அவள் அசையவே இல்லை.
ஐஸ் கம்பெனி தவசியாண்டி
பந்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.
வலையில் அடித்தார்.
மறுபடி பார்த்தார். மறுபடி வலை.
வட்டி வரத் தொடங்கியது.

மூன்றாம் செட், ஐந்துக்கு நாலு.
எங்களுக்கு அட்வாண்டேஜ்.
எனக்குப் பின்னால், கம்பி வேலிக்கு வெளியே
தவசியாண்டியின் மகன் பன்னீர் சோடாவும் கையுமாக.
ஃப்ளோரா காட்டியது முட்டி.
பையன் ஒரு தடவை இருமினான்.
நடுக்கோட்டுக்குப் போட்டேன்.
தவசியாண்டி நிம்மதியாகக் குறுக்கே அடித்தார்,
பல நாள் பழகிய தெருவில் நடப்பதுபோல.

அவள் அங்கே இருந்தாள்.

இஸ்மத் மரைக்காயரின் கால் செருப்புக்கும் தரைக்கும் நடுவில்
பந்து செத்து விழுந்தது.
நான் நின்ற இடத்தில் நின்றிருந்தேன்.
அவள் விட்டுப்போன பாதிக் கோர்ட் காலி.
அது என் பொறுப்பு. எனக்கே தெரியாது.

"முட்டி காட்டுனியே?"
"பய இருமுறான்ல. முட்டிக்கு ஒண்ணு, கைக்கு ரெண்டு.
இந்த செட்டு பூராவும்."
"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"
"சொன்னா முன்னாடியே ஓடியிருப்ப.
ஒன் மூஞ்சிக்குப் பொய் வராது புள்ள."
துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு
வேலியருகே போய்,
பையனிடம் மிச்ச சோடாவை வாங்கிக் குடித்தாள்.

அன்று ராத்திரி நான் ஜெயித்தவள்போலத் தூங்கவில்லை.

காலை வண்டி பாம்பன் பாலத்துக்குக் கிளம்ப வேண்டும்.
பச்சைக் கொடியை விரித்து நீட்டினேன்.
காற்று அதைப் படபடவென்று அடித்தது.
டிரைவர் எட்டிப் பார்த்தார். தலையை உள்ளே இழுத்தார்.
என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.
அவ்வளவு பேரையும் ஏற்றிக்கொண்டு
கடலை நோக்கிப் போய்விட்டார்.

கடைசிப் பெட்டி தாண்டியதும்தான் கவனித்தேன்,
என் இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.
முட்டியாக.